பியூகிள் இல்லாத அடக்கம்

என் வீட்டுக்காரர் வேதமுத்துவை மண்ணில் இறக்கியபோது பட்டாள மரியாதைக்குப் பியூகிள் ஊத ஆளில்லை. இந்தச் சங்கரன்கோவிலில் எத்தனை பட்டாளத்துக்காரர்களுக்கு அவர் ஊதி அனுப்பியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். பனவடலிசத்திரம், இளையரசனேந்தல் என்று எந்தக் காட்டுக்குள் சாவு விழுந்தாலும் சரி, கருப்பு ஷூவைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவருக்கு என்று வந்தபோது ஒரு நாதியில்லை. அதற்கு ஒரே காரணம் ஏசுவடியான். அந்த ஆளை நான் சும்மா விடவில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு வெப்சைட் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஷாஹின் பானு நடத்துகிறாள். என்னிடம் தமிழ் படித்த பிள்ளை. மல்லிகைப்பூ விலை, கரண்டு எப்போது போகும், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எந்த ரோட்டை அடைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கும் அதில் தனியாக ஒரு பக்கம் உண்டு. பென்ஷன், கேன்டீன், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான்.

சங்கத்தில் ஒருவர் இறந்தால் அந்தப் பக்கத்தில் 'ஃபால்-இன்' என்று போடுவார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எல்லாரும் அணிவகுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அது வந்தால்தான் இவர்கள் தொப்பி வைப்பார்கள், மெடல் குத்துவார்கள். வராவிட்டால் அடுத்த வீட்டில் ஒப்பாரி கேட்டாலும் அசைய மாட்டார்கள். 'ஆர்டர் வரலையே' என்பார்கள். பென்ஷன் வாங்கித் தலை நரைத்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. செத்த வீட்டுக்குப் போக என்ன ஆர்டர் வேண்டியிருக்கிறது என்று அவரிடமே சண்டை போட்டிருக்கிறேன். "டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று சிரிப்பார்.

அந்த ஃபால்-இன்னைத் தலைவர் வாயால் சொன்னால்தான் பானு போடுவாள். தலைவர்தான் ஏசுவடியான். எங்கள் சபைக்காரர்தான், இரண்டு தெரு தள்ளி வீடு.

பங்குனி வெயில். காலையில் காபி குடித்த டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சாயங்காலம் அடக்கம் என்று முடிவானது. எங்கள் சபைக் கோவிலில் மணி அடித்தார்கள், சொந்தபந்தம் வந்தது, பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி வைத்த ஒரு தலை வரவில்லை.

ஏசுவடியான் மட்டும் வந்தார். சங்கத் தலைவராக இல்லை, சபை ஆளாக, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக.

"அண்ணாச்சி, சங்கத்து ஆளுகள எங்க காணோம்?" என்று கேட்டேன்.

"நான் காலையிலேயே நெட்ல போடச் சொல்லிட்டேனே டீச்சர்" என்றார். "என்ன வெயிலு அடிக்கி பாருங்க. பயலுவளுக்குச் சோம்பல்."

"பியூகிள்?"

"அது சங்க ரூமுக்குள்ள இருக்கு. சாவி செயலாளர் லிங்கேஷ்ட்டல்லா கெடக்கு. அவன் போனை எடுக்க மாட்டேங்கான்."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. கையில் பாட்டுப் புத்தகம். பெட்டியை இறக்கும்போது சத்தமாகப் பாட்டு வேறு பாடினார். நான் நம்பினேன். வெயிலுக்குப் பயந்த சண்டாளர்கள் என்று சங்கத்தையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். செயலாளர் லிங்கேஷ் வாசலில் நின்று தேம்பி அழுதான். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான்.

"ஃபால்-இன் வரலையே டீச்சர். மணிச்சத்தம் கேட்டுட்டுத் தலைவருக்குப் போனப் போட்டேன். வீட்டுல அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டாவ, யாரும் போவாதீங்கன்னாரு. இப்பத்தான் நெட்ல காலமானார்னு வந்திருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளாமல் நேரே பானு கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், நான் விஷயம் கேள்விப்பட்டதுமே டைப் பண்ணி ரெடியா வச்சிட்டேன். தலைவர்ட்டக் கேட்டா, 'நான் சொல்லுத வரைக்கும் போடாதே'ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தேன். அவங்க சொல்லவே இல்ல டீச்சர். இன்னைக்குக் காலையிலதான் வெறும் காலமானார்னு மட்டும் போடச் சொன்னாங்க."

"ஏட்டி, அழாத" என்றேன். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

இப்படிப் பழி தீர்க்க வேதமுத்து என்ன குற்றம் செய்தார் என்று கேட்பீர்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒட்டிப் பிறந்த மாதிரித்தான் திரிந்தார்கள். கார்கில் சண்டை நடந்த சமயம் இருவரும் ஜபல்பூரில் இருந்தார்கள். இவர் அங்கே பயிற்சி கொடுக்கும் ஹவில்தார், ஏசுவடியான் ஒரு ஸ்டோரில் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒன்றாகக் கோவிலுக்குப் போய், ஒன்றாகக் கறி வாங்கிச் சமைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு, தான் இல்லாத நாளைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று இவர்தான் அவருக்குப் பியூகிள் ஊதவும் கற்றுக்கொடுத்தார்.

அப்புறம் ஏசுவடியான் தலைவரானார். தலைவரானதும் தலைவருக்கு வரலாறு தேவைப்பட்டது. 'கார்கில் வீரர் சுபேதார் ஏசுவடியான்' என்று வெப்சைட்டில் போடச் சொல்லிவிட்டார். இவர் அவரை வீட்டுக்குத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணாச்சி, அது மட்டும் வேண்டாம். அங்கன செத்தவன் இருக்கான், கால் போனவன் இருக்கான். அவங்களுக்குத் தெரிஞ்சா நல்லாருக்காது" என்று சொன்னார். வெளியே ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. அடுப்படியில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றையிலிருந்து ஏசுவடியான் இவர் முகத்தில் விழிக்கவில்லை, போட்டதை எடுக்கவும் இல்லை. மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்குச் சாவில் செய்த கைம்மாறு இது.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் மன்னித்திருப்பார். எனக்கு அந்தக் குணம் கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

அடுத்த மாதம் பனவடலிசத்திரத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வெப்சைட்டில் படம் வந்தது. தொப்பி, மெடல் எல்லாம் போட்டுக்கொண்டு ஏசுவடியான் கன்னத்தை உப்பிப் பியூகிள் ஊதிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் உதடு பட்ட பியூகிள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மறுநாளிலிருந்து பானு கடையில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும். "டீச்சருக்குப் பொழுது போகணும்லா, பாவம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். சங்கத்துப் பக்கம் மெல்ல என் கைக்கு வந்தது.

ஜூலையில் எதிர்பார்த்தபடியே ஏசுவடியான் வந்தார். லிங்கேஷும் இன்னும் சில சங்கத்து ஆட்களும் கூட வந்தார்கள். கார்கில் வெற்றி நாளுக்குக் கல்யாண மண்டபத்தில் விழாவாம், தலைவருக்குப் பாராட்டாம், பொன்னாடையாம். கம்ப்யூட்டர் முன்னால் என்னைப் பார்த்ததும் அவர் கால் பின்வாங்கியது.

"வாங்க அண்ணாச்சி" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உங்களுக்கு விழான்னா நாங்கதான எடுத்துச் செய்யணும். அவுக இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாவ."

மனுஷன் குளிர்ந்துவிட்டார். புகழ்ச்சிக்கு அவ்வளவு பஞ்சம் அந்த ஆளுக்கு. சொல்லச் சொல்ல டைப் செய்தேன். தாய்நாடு, வீரம், பனிமலை என்று அவர் அடுக்க அடுக்க, நான் ஒன்றையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கையைக் கீபோர்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணாச்சி, யூனிட் போடலையே."

"அது எதுக்கு டீச்சர்?"

"நல்லாருக்கே! நம்பர், ரேங்க், பேரு, யூனிட் இல்லாம பட்டாளத்துச் செய்தி உண்டுமா? அவுக சாவுச் செய்தியில கூட யூனிட் போட்டுருந்தீங்கள்லா."

லிங்கேஷ் தலையாட்டினான். "டீச்சர் சொல்லுதது சரிதான் தலைவரே. யூனிட் இல்லாட்டா மத்த ஊர்க்காரனுவ சிரிப்பானுவ."

பட்டாளத்துக்காரன் வீட்டு அட்ரஸை மறந்தாலும் தான் இருந்த படைப்பிரிவை, யூனிட்டை, மறக்க மாட்டான். தயங்கினாலே மற்றவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏசுவடியானுக்கு அது தெரியும். அந்தச் சண்டையில் பேரெடுத்த ஒரு பட்டாலியன் பெயரைச் சொன்னார். நான் ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். கீழே என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன்: 'அன்று தலைவருடன் தோளோடு தோள் நின்ற வீரர்கள் அனைவரும் வருக.' அதைப் படித்துக் காட்டியதும், "பிரமாதம் டீச்சர்" என்றார்.

பானு அந்தச் செய்தியைச் சிவகிரி, ராஜபாளையம், கோவில்பட்டி என்று எத்தனை ஊர் குரூப் உண்டோ அத்தனைக்கும் அனுப்பினாள். ஆடித்தபசுக் கூட்டத்தில் ஊரே நெரிந்துகொண்டிருந்த அன்றைக்குக் கடைப் போன் அடித்தது. சிவகிரியிலிருந்து முகம்மது சாதிக் என்று ஒருவர். அதே பட்டாலியன். கார்கிலில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர்.

"அம்மா, இந்தப் பேரு எனக்கு ஞாபகத்துக்கு வர மாட்டேங்கே. பட்டாலியனுக்குள்ள வேற கம்பெனில இருந்திருப்பாவளோ?"

"நேர்ல வந்து பாருங்க தம்பி" என்றேன். "மொகத்தைப் பாத்தா ஞாபகம் வந்துரும்."

"நம்ம பக்கத்துல நம்ம பட்டாலியன் ஆளு ஒருத்தரு இருக்காருன்னு இவ்வளவு நாளு தெரியாமப் போச்சே!" என்று அவர் சந்தோஷப்பட்டபோதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் போனை வைத்ததும் சிரித்தேன். வேதமுத்து இறந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஏசுவடியான், கழுத்தில் மாலை, நெஞ்சில் மெடல். நான் முன் வரிசையில் நடுவே உட்கார்ந்தேன். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா! பொன்னாடை போர்த்தி முடித்ததும் லிங்கேஷ் மைக்கில், தலைவருடன் போரிட்ட வீரர் ஒருவர் சிவகிரியிலிருந்து வந்திருக்கிறார் என்று அறிவித்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சாதிக் செயற்கைக்காலை ஊன்றி ஊன்றி மேடை ஏறினார். விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். ஏசுவடியானும் வைத்தார், கை நெற்றிக்குச் சரியாகப் போகவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எந்தக் கம்பெனி?" என்றார் சாதிக். கையில் மைக். குரலில் அப்படி ஓர் ஆசை.

"நானா... பி கம்பெனி."

"பி கம்பெனியா! யா அல்லா, நானும் பி கம்பெனிதான்!" சாதிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "அப்பம் எங்கன இருந்தீங்க நீங்க? நம்ம கம்பெனி கமாண்டர் பேரு சொல்லுங்க பாப்போம்?"

ஏசுவடியான் ஏதோ முனகினார். மைக்கில் விழவில்லை.

"அது கெடக்கட்டும். வயசாச்சு, மறந்திருக்கும்." சாதிக்கின் குரல் மாறிவிட்டது. "நம்மகூட வந்து திரும்பி வராத பயலுவ இருக்கானுவல்லா. அதுல ஒரே ஒரு பேரு சொல்லுங்க அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. எனக்கு எல்லா பேரும் தெரியும். தெனமும் சொல்லுதேன்."

அந்த முகத்தை நான் கண்ணாரப் பார்த்தேன். வியர்வை மாலைக்குள் இறங்கியது, உதடு கோணியது. அங்கே இருந்த அத்தனை பேர் நடுவில் அவர் என்னைத்தான் தேடிப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவே இல்லை.

"நான் அங்க இல்ல" என்றார் கடைசியில். "ஜபல்பூர்ல ஸ்டோர்ல இருந்தேன்."

சாதிக் பிடித்திருந்த கையை விட்டார். "ஸ்டோர்லன்னு சொல்லியிருந்தாலே நான் உமக்குச் சல்யூட் அடிச்சிருப்பேனே வே. நாங்க போட்டுட்டுப் போன பூட்ஸு எங்கிருந்து வந்தது? எதுக்குவே செத்தவனுக்கு நடுவுல போயி நின்னீரு?"

சாதிக் மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்க்க நடந்தார். நான் எழுந்து, இதையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று அவரை நிறுத்தினேன். அப்புறம் திரும்பி, "பானு, இப்பம் சொல்லு மக்கா" என்றேன். பானு எழுந்து நின்று, வேதமுத்து இறந்த அன்று நடந்ததை எல்லார் முன்பும் சொன்னாள். முடிப்பதற்குள் பட்டாளத்துக்காரர்கள் மேடைக்குக் கீழே திரண்டுவிட்டார்கள். "வீட்டுல வேண்டாம்னு சொன்னாவன்னு என்கிட்டப் பொய்யா சொன்னீரு?" என்று லிங்கேஷ் பாய்ந்தான். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. ஏசுவடியான் பொன்னாடையைத் தானே கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். அந்தச் செய்தியை மறுநாள் நான்தான் டைப் செய்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. ஜபல்பூர் ஸ்டோர் என்று யூனிட்டும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஃபால்-இன் அறிவித்தோம். கல்லறைத் தோட்டம், ஆராதனை முடிந்ததும், ஹவில்தார் வேதமுத்துவுக்கு இறுதி மரியாதை. பக்கத்தில் அது வந்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆர்டர் வந்தாயிற்று, இனி ஒரு பயல் வீட்டில் இருக்க மாட்டான்.

வந்தார்கள். சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் தொப்பியும் மெடலுமாக வந்து இரண்டு வரிசையாக நின்றார்கள். சாதிக்கும் வந்திருந்தார். லிங்கேஷ் பியூகிள் பெட்டியைத் திறந்து அதை எடுத்தான். எடுத்துவிட்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தான். அங்கே நின்ற ஒருவருக்கும் ஊதத் தெரியாது.

அப்போதுதான் வாசலில் ஏசுவடியான் வந்து நின்றார். தொப்பி இருந்தது, மெடல் இல்லை. ஒரே வாரத்தில் கிழடு தட்டியிருந்தார்.

"டீச்சர்" என்றார். கைகூப்பினார். "நான் செஞ்சது துரோகம். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. ஒரே ஒரு தடவ ஊத விடுங்க. அவன் சொல்லிக்குடுத்தது. அவனுக்கு ஊதிட்டுப் போயிருதேன். பெறவு இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அழுதார். பொய்யழுகை இல்லை, எனக்குத் தெரியும். லிங்கேஷ் என் முகத்தைப் பார்த்தான். "டீச்சர், வேற ஆளு இல்லையே" என்று காதருகே சொன்னான். சாதிக் கூட, "விடுங்கம்மா, போனவருக்காகவாது" என்றார்.

"ஊதணும்னா அன்னைக்கு ஊதியிருக்கணும்" என்றேன். "வெள்ளச் சட்டையப் போட்டுட்டு வந்து பாட்டுப் படிச்சீருல்லா? அதோட முடிஞ்சு போச்சு உமக்கும் அவுகளுக்கும். வெளிய நில்லும். கேட்டுக்கு இந்தப் பக்கம் கால வைக்கப்பிடாது."

நின்றார், வெயிலில், கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு.

லிங்கேஷ் போனில் தேடி, பியூகிள் வீடியோ ஒன்றை வைத்தான். முதலில் ஏதோ சோப்பு விளம்பரம் வந்தது. பெண் ஒருத்தி பாடிக்கொண்டே குளித்தாள். விறைத்து நின்றவர்கள் விறைத்தபடியே நின்றார்கள். அதைத் தள்ளிவிட்டபின் பியூகிள் ஆரம்பித்து, பாதியில் நெட் போய் நின்றது. மறுபடி வந்து மறுபடி நின்றது. "சல்யூட்" என்று லிங்கேஷ் கத்தினான். கைகள் எல்லாம் உயர்ந்தன. பின்னால் கேட்டுக்கு வெளியேயும் ஒரு கை உயர்ந்திருக்கும், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை பேருக்கு ஊதினவருக்கு இரண்டாம் தடவையும் பியூகிள் இல்லாமல் போனது. இந்தத் தடவை அதைத் தடுத்தது நான். அவருக்கு அது குறைதான், எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அந்த வாயிலிருந்து புறப்பட்ட காற்று என் வேதமுத்து மேல் படவே கூடாது.